குரூப் 4 தேர்வில் தவறிய பிறகு: சோர்விலிருந்து எழுந்து சத்தமில்லாமல் தயாராவது எப்படி

2024 ஜூன் 9 அன்று நடந்த டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு முதலில் 6,244 இடங்களுக்கு அறிவிக்கப்பட்டது. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். 2025 ஜூலை 12 தேர்வுக்கு அறிவிப்பில் இருந்தவை 3,935 இடங்கள், விண்ணப்பங்கள் 13 லட்சத்தைத் தாண்டின. அப்படியென்றால் முடிவு வரும் நாளில் ஒவ்வொரு திருச்சபையிலும் வருத்தத்தோடு உட்கார்ந்திருப்பவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது இரண்டே அறிவுரை. ஒன்று, "விசுவாசமாய் ஜெபம் பண்ணு தம்பி, கர்த்தர் செய்வார்." மற்றது, "இன்னும் நல்லா படிச்சிருக்கணும்." இரண்டிலும் பிழையில்லை. ஆனால் மறுநாள் காலை எழுந்ததும் எதைச் செய்வது என்பதை இரண்டும் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே வரிசையாகப் பார்க்கப் போகிறோம். வரிசை முக்கியம். சோர்ந்து கிடக்கும்போதே கால அட்டவணை போடுகிறவர்கள் பெரும்பாலும் பத்து நாளில் விட்டுவிடுகிறார்கள்.

முதல் வாரம்: தூக்கமும் சாப்பாடும்

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கர்மேல் மலையில் அத்தனை பெரிய வெற்றியைக் கண்ட எலியா தீர்க்கதரிசி, ராணி யேசபேலின் ஒரு மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாகவேண்டும் என்று கேட்டுவிட்டுப் படுத்துத் தூங்குகிறார். வந்த தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை, கண்டிக்கவுமில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினார். இரண்டாம் முறையும் தட்டி எழுப்பி, போகவேண்டிய தூரம் வெகுதூரம், சாப்பிடு என்றான் தூதன். ஓரேப் மலையில் தேவன் பேசியது அதற்கு நாற்பது நாள் கழித்து.

எனவே முடிவு வந்த முதல் ஏழு நாளும் புத்தகத்தைத் தொடவேண்டாம். இரவு 10 மணிக்குள் படுக்கை. போன் வேறு அறையில் இருக்கட்டும், அலாரத்துக்கு ஒரு மலிவான டைம்பீஸ் போதும். மூன்று வேளையும் சாப்பிடுங்கள். மாலையில் அரைமணி நேரம் நடங்கள். இந்த வாரத்தில் உபவாசம் எடுக்காதீர்கள், முழு இராத்திரி ஜெபத்துக்கும் போகாதீர்கள். இதைச் சொன்னால் சில வீடுகளில் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. பெலனற்ற உடம்போடு எடுக்கும் உபவாசம் ஜெபமாக இருப்பதில்லை, தன்னையே தண்டித்துக்கொள்வதாக மாறிவிடுகிறது.

இந்த ஏழு நாளில் பெரிய முடிவு எதுவும் கூடாது. புத்தகங்களை எடைக்குப் போடுவது, வேறு கோச்சிங் சென்டரில் பணம் கட்டுவது, "இனி எழுதவே மாட்டேன்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவது எல்லாம் எட்டாம் நாளுக்குத் தள்ளி வையுங்கள்.

தேவனிடம் முறையிடுவது

பாடல் வேளையில் கைதட்டிச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதால் சோர்வு ஆழமாகிறதே தவிர குறைவதில்லை. வேதத்தில் இதற்கென்றே ஜெபங்கள் இருக்கின்றன. 13-ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களில் மட்டும் "எதுவரைக்கும்" என்று தாவீது நான்கு முறை கேட்கிறார். ஆறே வசனம்தான்.

அதையே மாதிரியாக வைத்து ஒரு நோட்டில் மூன்று பகுதியாக எழுதுங்கள். முதலில் முறையீடு: நடந்தது என்ன, எது வலிக்கிறது. "நாலு மார்க்கில் போச்சு, தம்பி முன்னாடி தலைகுனிவாயிருக்கு" என்று பேச்சுத் தமிழிலேயே எழுதலாம். அடுத்து விண்ணப்பம், ஒரே ஒரு காரியம். கடைசியாக நம்பிக்கை, ஒரு வரி. மூன்றாவது வரி வரவில்லை என்றால் வலிந்து எழுதவேண்டாம். 88-ஆம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு மேல் இதில் உட்காரவேண்டாம். முறையீடு அரைமணி நேரத்தைத் தாண்டினால் அது தன்னையே நொந்துகொள்வதில் போய் முடியும்.

புத்தாண்டில் குலுக்கி எடுக்கும் வசன அட்டையான வாக்குத்தத்த அட்டையைப் பற்றியும் சொல்லவேண்டும். புத்தாண்டு ஆராதனையில், எதிர்பார்த்திருக்கும் முடிவைத் தருவதாகச் சொல்லும் எரேமியா 29:11 வந்தது, அதனால் இந்த வருடம் வேலை நிச்சயம் என்று நம்பியவர்கள் முடிவு வந்ததும் இரட்டை அடி வாங்குகிறார்கள்: தேர்வும் போச்சு, தேவனும் கைவிட்டார் என்று. அந்த வசனம் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனம் எழுபது வருஷம் என்கிறது. ஐந்தாம் வசனம் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. நீண்ட நாள் பொறுமையாக உழைக்கச் சொன்ன கடிதம் அது. குலுக்கிப் போட்டு எடுக்கும்போது ஒரு வசனம் மட்டும் தனியாக வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

அதேபோல "வேலை கிடைத்தால் இத்தனை ஆயிரம் காணிக்கை, சபை நடுவே சாட்சி" என்று பொருத்தனை பண்ணவேண்டாம். நேர்ந்துகொண்டு செய்யாமற்போவதைவிட நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம் என்று பிரசங்கி 5:5 சொல்கிறது. படிக்கும்போது தலைக்குள் ஓடிக்கொண்டேயிருக்கும் கடன் அது.

இடிந்ததைச் சுற்றிப் பார்ப்பது

எட்டாம் நாளிலிருந்து, பாரசீக ராஜாவுக்குப் பானபாத்திரக்காரராயிருந்த யூதரான நெகேமியாவைப் பின்பற்றலாம். எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிறது என்ற செய்தி அவருக்குக் கிஸ்லேயு மாதத்தில் வந்தது. ராஜாவின் முன் வாய் திறந்தது நிசான் மாதத்தில். நடுவே ஏறக்குறைய நான்கு மாதம் அழுகை, உபவாசம், ஜெபம். ஆனால் ராஜா "நீ கேட்கிறது என்ன" என்றதும் அவர் சொன்னதைப் பாருங்கள்: எத்தனை நாள் விடுப்பு, எந்த அதிபதிகளுக்குக் கடிதம், மரம் தரவேண்டிய வனக்காவலாளன் பெயர், அந்த மரம் எந்தெந்த வாசலுக்கு. அந்த நான்கு மாதம் முழங்காலில் இருந்தவர் கணக்கும் போட்டிருக்கிறார். எருசலேமுக்கு வந்த பின்பும் மூன்று நாள் சும்மா இருந்துவிட்டு, ராத்திரியில் சில பேரோடு மட்டும் போய் இடிந்த மதிலைப் பார்வையிட்டார். ஓரிடத்தில் ஏறியிருந்த மிருகம் நுழையக்கூட வழியில்லை. அதையும் பார்த்துக்கொண்டார்.

உங்கள் மதில், வீட்டுக்கு எடுத்துவந்த வினாத்தொகுப்பு. விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்து, தவறிய ஒவ்வொரு கேள்வியையும் நான்கு பத்திகளில் ஒன்றில் போடுங்கள்: படிக்கவே இல்லை, படித்தும் மறந்தது, தெரிந்தும் கவனக்குறைவு, நேரம் போதவில்லை. 200 கேள்விக்கு இரண்டு மணி நேரம் ஆகும். கசப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாதவர்கள் அடுத்த முறையும் அதே இடத்தில்தான் தவறுகிறார்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். தமிழில் 100-க்கு 82, பொது அறிவில் 75-க்கு 41, திறனறிவில் 25-க்கு 14 சரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 137, கேள்விக்கு ஒன்றரை வீதம் 205.5 மதிப்பெண். பொது அறிவில்தான் ஓட்டை பெரிது, 34 கேள்வி. ஆனால் அதை அடைக்க வரலாறு, அரசியலமைப்பு, புவியியல், பொருளாதாரம், அறிவியல், நடப்பு நிகழ்வு என்று கடல் போலப் பரந்த பாடம் இருக்கிறது. திறனறிவு அப்படியல்ல. சதவீதம், தனிவட்டி, கூட்டு வட்டி, மீ.பெ.கா., மீ.சி.ம., விகிதம், பரப்பு, கனஅளவு, நேரமும் வேலையும் என்று எல்லை தெரிந்த பகுதி. அங்கே 14-ஐ 22 ஆக்கலாம். தமிழ் பள்ளிப் புத்தகத்துக்குள்தான் சுற்றுகிறது, 82-ஐ 92 ஆக்கலாம். பொது அறிவில் ஏழு கேள்வி கூடினால் போதும். மொத்தம் 25 கேள்வி, 37.5 மதிப்பெண், 205.5 போய் 243 ஆகிறது. முதலில் அடைக்கவேண்டியது அடைபடக்கூடிய ஓட்டைகளை.

தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதி திருத்தப்படாது என்பது தெரிந்ததே. ஆனால் 60 என்பது வாசற்படி மட்டும். தமிழில் 90 கேள்விக்குக் கீழே நிற்பவர் இன்னும் நடப்பு நிகழ்வு பிடிஎஃப் சேகரித்துக்கொண்டிருந்தால் அவர் பயத்தில் படிக்கிறார் என்று அர்த்தம்.

வீட்டுக்கு எதிரே உள்ள பங்கு

நெகேமியா 3-ஆம் அதிகாரம் வாசிக்கச் சலிப்பூட்டும் பெயர்ப்பட்டியல். ஆனால் அதில் திரும்பத் திரும்ப வருவது "தன் வீட்டுக்கு எதிரே" பழுதுபார்த்தவர்கள். முழு மதிலையும் ஒருவர் கட்டவில்லை. 52 நாளில் முடிந்தது.

ஒரு நாளின் பங்கை இப்படி வைக்கலாம். பகலில் ஜவுளிக்கடையிலோ கம்பெனியிலோ வேலைக்குப் போகிறவர் 4.30-க்கு எழுந்து, முகம் கழுவி, 4.45 முதல் 5.05 வரை ஒரு சங்கீதம், ஒரு நிதானமான ஜெபம். 5.05 முதல் 7 வரை தமிழ்: 6 முதல் 10 வரையிலான சமச்சீர்ப் புத்தகங்களில் நாளுக்கு ஓர் இயல், நூல்வெளி, சொல்லும் பொருளும், இலக்கணம், மதிப்பீட்டு வினாக்கள் உட்பட. மதிய உணவு இடைவேளையில் இருபது நிமிடம் நேற்றுப் படித்ததைப் புத்தகம் பார்க்காமல் தாளில் எழுதுவது. இரவு 8.30 முதல் 9.45 வரை 15 கணக்கு, மூன்று வகையில் ஐந்தைந்து. மொத்தம் மூன்றரை மணி நேரம்தான். முழுநேரமாகப் படிக்கிறவர் இதோடு பகலில் பொது அறிவுக்கு மூன்று மணி நேரம் சேர்க்கலாம். ஏழு மணி நேரத்துக்கு மேல் திட்டம் போடவேண்டாம். பன்னிரண்டு மணி நேர அட்டவணைகள் சுவரில் அழகாக இருக்கும், மூன்றாம் நாளே கிழியும்.

படித்த இயலை 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 21-ஆம் நாள் திரும்ப எடுங்கள். தேதியை இயலின் முதல் பக்கத்திலேயே பென்சிலால் குறித்து வைத்தால் தனி அட்டவணை தேவையில்லை. மஞ்சள் மார்க்கரால் பக்கம் முழுவதும் பூசுவது படிப்பு அல்ல. படித்தது போன்ற ஒரு திருப்தி அது. மூடி வைத்துவிட்டு எழுதிப் பார்த்தால்தான் எது நிற்கிறது என்று தெரியும்.

தவறிய கணக்கைத் தனி நோட்டில் எழுதும்போது விடையை எழுதுவதோடு நிறுத்தாமல், எங்கே சறுக்கியது என்று ஒரு வரி சேருங்கள். "கூட்டு வட்டியில் அரையாண்டு என்பதைக் கவனிக்கவில்லை, வட்டி வீதத்தைப் பாதியாக்கவில்லை" என்பது போல. இருபது பக்கம் சேர்ந்ததும் உங்கள் தவறுகள் ஆறேழு வகைக்குள் அடங்கிவிடுவதைக் காண்பீர்கள்.

சனிக்கிழமை காலை 9.30 முதல் 12.30 வரை ஓஎம்ஆர் தாளோடு முழு மாதிரித் தேர்வு. வேலை நாளாக இருந்தால் மாலையில். வட்டத்தைக் கருப்பு நிறப் பந்துமுனைப் பேனாவால் நிரப்பிப் பழகுங்கள். 200 வட்டம் நிரப்பவே கால்மணி நேரத்துக்கு மேல் போகும், அதை வீட்டில் பழகாதவர்கள் அறையில் கடைசி முப்பது கேள்வியை அவசரத்தில் கோட்டை விடுகிறார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஆனால் எந்த வரிசையையும் வெறுமையாக விடக்கூடாது, தெரியாவிட்டால் அதற்கென்று இருக்கும் ஐந்தாவது வட்டம் உண்டு. இந்த விதிகள் அவ்வப்போது மாறுவதால் ஹால் டிக்கெட்டோடு வரும் அறிவுரையை ஒருமுறை முழுதாக வாசியுங்கள்.

ஞாயிறு ஓய்வு. ஆராதனை, மதியச் சாப்பாடு, தூக்கம். ஏழாம் நாளையும் படிப்பில் தின்றுவிட்டால் வியாழக்கிழமைக்குள் அதைவிட அதிகம் இழப்பீர்கள்.

மதில் பாதி உயரம் வந்ததும்

சோர்வு தொடக்கத்தில் மட்டும் வருவதில்லை. நெகேமியா 4:6-இல் மதில் பாதி உயரம் எழும்பிவிட்டது. நான்கு வசனம் தள்ளி, "சுமைகாரரின் பெலன் குறைந்துபோகிறது, மண்மேடு மிச்சமாயிருக்கிறது" என்கிறார்கள் யூதா மனிதர். பாதியில்தான் மிச்சமிருப்பது கண்ணில் பெரிதாகத் தெரியும். படிப்பிலும் ஐந்தாம், ஆறாம் வாரத்தில் மாதிரித் தேர்வு மதிப்பெண் ஏறாமல் அப்படியே நிற்கும். சில சமயம் இறங்கவும் செய்யும்.

அப்போது செய்யக்கூடாதது, புத்தகத்தை மாற்றுவது. செய்யவேண்டியது, பங்கைப் பாதியாக்குவது. மூன்று நாள் புதிய பாடம் வேண்டாம், திருப்புதல் மட்டும். 15 கணக்கு ஏழாகட்டும். எழும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். நான்காம் நாள் பழைய அளவுக்குத் திரும்புங்கள். முற்றிலும் நிறுத்திவிட்டு ஒரு வாரம் கழித்துத் தொடங்குகிறவர்களுக்கு அந்த ஒரு வாரம் மாதமாகிவிடுகிறது.

யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமலிருப்பது

"என் தேவன் என் மனதிலே வைத்ததை நான் ஒருவருக்கும் அறிவிக்கவில்லை" என்றார் நெகேமியா. கட்டத் தொடங்கிய பின், அந்த வேலையை எதிர்த்த சன்பல்லாத்து நான்கு முறை கூப்பிட்டனுப்பினான், நான்கு முறையும் ஒரே பதில்: நான் பெரிய வேலையைச் செய்கிறேன், வரக்கூடாது. ஐந்தாம் முறை முத்திரையிடாத கடிதம் வந்தது, வழியில் எல்லாரும் வாசிக்கட்டும் என்று.

மூன்று பேருக்குத் தெரிந்தால் போதும்: வீட்டில் ஒருவர், கூடப் படிக்கும் ஒருவர், ஆயரோ பங்குத்தந்தையோ மூப்பரோ ஒருவர். மற்றவர்கள் ஆராதனை முடிந்து வாசலில் பிடித்து "என்னப்பா, ரிசல்ட் என்னாச்சு?" என்பார்கள். "எழுதிட்டிருக்கேன் ஐயா, ஜெபத்துல வெச்சுக்குங்க" என்று முடித்துக்கொள்ளுங்கள். மதிப்பெண், கட்-ஆஃப், சாதிவாரி இடம் எதையும் வாசலில் விளக்கவேண்டாம். டெலிகிராம் குழுக்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதிலிருந்து வெளியே வாருங்கள். யூடியூபில் "எதிர்பார்க்கப்படும் கட்-ஆஃப்" பார்த்துப் படிப்பு கூடினவர் யாருமில்லை.

ஊழியப் பொறுப்பும் இதில்தான் வரும். ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, வாலிபர் கூட்டம், மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி, டிசம்பர் கேரல் ரவுண்ட்ஸ் என்று ஐந்தையும் ஒரே வாலிபர் தலையில் கட்டுவது நம் சபைகளின் பழக்கம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதிலிருந்து தேதி குறிப்பிட்டு விடுப்புக் கேளுங்கள். "ஆயரே, ஜூலை வரைக்கும் ஞாயிறு பள்ளி மட்டும் பார்த்துக்கிறேன், அதுக்கப்புறம் வாலிபர் கூட்டத்துக்கு வர்றேன்" என்று நேரில் சொன்னால் யாரும் தவறாக நினைப்பதில்லை. சொல்லாமல் நின்றுவிட்டால்தான் விசுவாசத்தில் பின்மாற்றம் என்று பேச்சு கிளம்பும்.

காகிதங்கள்

"வெளியில் உன் வேலையை எத்தனப்படுத்தி" என்கிறது நீதிமொழிகள் 24:27. தேர்வில் தேறியும் சான்றிதழ் சரிபார்ப்பில் தடுமாறுவதைப்போலக் கொடுமை வேறில்லை. கிறிஸ்தவக் குடும்பங்களில் முதல் சிக்கல் பெயர்: ஞானஸ்நானப் பெயர் ஆதாரில், வீட்டுப் பெயர் பத்தாம் வகுப்புச் சான்றிதழில். விண்ணப்பத்தில் சான்றிதழில் உள்ளபடியே எழுதி, மற்றதை இப்போதே திருத்த மனு கொடுங்கள். இரண்டாவது சாதிச் சான்றிதழ். பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். இதை மறைத்து வேறு சான்றிதழோடு விண்ணப்பிப்பது பின்னால் வேலையையே பறிக்கும், அதோடு அது பொய். மூன்றாவது, தமிழ்வழியில் படித்ததற்கான சான்றிதழ், இதற்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த ஒவ்வொரு பள்ளியிலும் வாங்கவேண்டும். கிராமத்து மிஷன் தொடக்கப்பள்ளி மூடப்பட்டிருந்தால் கல்வி அலுவலகத்துக்கு அலைய நேரிடும், கடைசி வாரத்தில் அது முடியாது.

இது வெறும் சோர்வுதானா?

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. விசுவாசக் குறைவு என்று சொல்கிறவர்களுக்கு, பவுலோடு பயணம் செய்த லூக்கா வைத்தியன் என்பதை நினைவூட்டலாம். மாத்திரையும் ஜெபமும் ஒன்றுக்கொன்று போட்டியில்லை.

தேர்வு நாளும் அதற்குப் பின்னும்

2024-இல் போலத் தேர்வு ஞாயிற்றுக்கிழமை வந்தால் முந்தின மாலை ஜெபத்தில் கலந்துகொள்ளுங்கள். 9 மணிக்குள் மையத்தில் இருக்கவேண்டும், எட்டு மணி ஆராதனைக்குப் போய்விட்டு ஓடுவது கெட்டிக்காரத்தனம் இல்லை. அறையில் உட்கார்ந்ததும் ஒரு நிமிட ஜெபம் போதும்.

எழுதி முடித்த பின் முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். பழைய சோர்வு நுழைவது இந்த இடைவெளியில்தான். அடுத்த திங்கட்கிழமையே பக்கத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்துவிடுங்கள். அரசுத் தேர்வு வழக்கமாக பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கிறது. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர், அல்லது ஒன்றில் ஹையர் மற்றதில் லோயர் இருந்தால் அடுத்த குரூப் 4-இல் தட்டச்சர் பணிக்கும் விண்ணப்பிக்கலாம்.